ஃபை29 வைரஸின் மோட்டாரில் ஆர்என்ஏவுக்கு என்ன வேலை?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "டிஎன்ஏவைத் தலைக்குள் திணிக்கும் வைரஸ் மோட்டாரில் ஒரு ஆர்என்ஏ இருக்கிறதாமே. அதுதான் டிஎன்ஏவைத் தள்ளுகிறதா? அதன் வடிவம் மாறினால் மோட்டாரின் வேலையும் மாறுமா? அதைக் குறிவைத்து மருந்து செய்ய முடியுமா?"

தள்ளுவது ஆர்என்ஏ இல்லை, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து இயங்கும் ஒரு புரதம். ஆனால் ஆர்என்ஏவின் வடிவம் கெட்டால் அந்தப் புரதத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதை உரிய இடத்தில் பிடித்து வைப்பது ஆர்என்ஏ. எந்த டிஎன்ஏவை, எந்த முனையிலிருந்து உள்ளே எடுப்பது என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. மருந்து விஷயத்தைக் கடைசியில் பார்ப்போம், அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இந்த ஆர்என்ஏ எல்லா வைரஸ்களிலும் கிடையாது. மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவைத் தாக்கும் ஃபை29 என்ற பேஜிலும் அதன் நெருங்கிய உறவினர்களிலும்தான் இருக்கிறது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைத்தான் பேஜ் என்கிறோம். டி4, லாம்டா போன்ற பிரபலமான பேஜ்கள் ஆர்என்ஏ இல்லாமலே இதே வேலையைச் செய்கின்றன. ஆகவே இனிச் சொல்வதெல்லாம் ஃபை29 பற்றித்தான்.

வேலை எவ்வளவு கடினம் என்று தெரிந்தால்தான் மோட்டாரின் அருமை புரியும். ஃபை29இன் டிஎன்ஏவில் ஏறக்குறைய 19,300 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்), நீட்டிப் பிடித்தால் சுமார் 6.6 மைக்ரோமீட்டர். அது போய் அடைய வேண்டிய தலை 54 நானோமீட்டர் நீளமும் 40 சொச்சம் நானோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு புரதக் கூடு. அதாவது டிஎன்ஏவின் நீளம் கூட்டின் நீளத்தைப் போல 120 மடங்கு. இரட்டை இழை டிஎன்ஏ எளிதில் வளையவும் வளையாது. அதன் விறைப்பை அளக்கும் நீளமே சுமார் 50 நானோமீட்டர், கிட்டத்தட்ட கூட்டின் அளவு. போதாததற்கு அதன் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்னூட்டம் என்பதால், அடுத்தடுத்த சுருள்கள் ஒன்றையொன்று தள்ளும்.

2001இல் பெர்க்லியில் கார்லோஸ் புஸ்டமான்டே குழுவும் மினசோட்டாவில் டுவைட் ஆண்டர்சன் குழுவும் சேர்ந்து இந்த மோட்டாரை ஒளி இடுக்கியில் (லேசர் ஒளியால் நுண்மணிகளைப் பிடிக்கும் கருவி) மாட்டி அளந்தார்கள். ஒரு நுண்மணியில் வைரஸ் தலை, இன்னொன்றில் டிஎன்ஏவின் வெளிமுனை. மோட்டார் இழுக்க இழுக்க இரண்டு மணிகளும் நெருங்கும். தொடக்கத்தில் நொடிக்கு 100 கார இணை அளவில் ஓடுகிறது, தலை நிரம்ப நிரம்ப வேகம் குறைகிறது. சராசரியாக 57 பிகோநியூட்டன் எதிர்விசை வரை தாக்குப்பிடித்தது. செல்லுக்குள் சரக்கு சுமக்கும் கைனசின் 6, 7 பிகோநியூட்டனிலேயே நின்றுவிடும். நிரம்பிய தலைக்குள் அழுத்தம் சுமார் 60 வளிமண்டலம் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். மொத்தத் திணிப்பும் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

மோட்டாரில் மூன்று வளையங்கள். தலையின் ஒரு மூலையில் பதிந்திருப்பது ஜிபி10 என்ற புரதத்தின் 12 பிரதிகளாலான இணைப்பி. அதன் நடுத் துளை வழியாகத்தான் டிஎன்ஏ உள்ளே போகிறது. இணைப்பியின் குறுகிய முனையைச் சுற்றி ஆர்என்ஏ வளையம். அதற்கும் வெளியே ஏடிபியை உடைக்கும் ஜிபி16 புரதத்தின் வளையம். ஆர்என்ஏ நடுவில் நிற்கிறது, ஒரு பக்கம் தலை, மறுபக்கம் எஞ்சின். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வடிவத்தைப் பற்றிய மற்ற விஷயங்கள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

இப்படி ஓர் ஆர்என்ஏ இருப்பதே தற்செயலாகத்தான் தெரியவந்தது என்று சொல்லலாம். 1986இல் மினசோட்டா ஆய்வகம் சுத்திகரித்த புரதங்களையும் டிஎன்ஏவையும் ஏடிபியையும் சோதனைக்குழாயில் கலந்து, செல்லே இல்லாமல் டிஎன்ஏவைத் தலைக்குள் ஏற்றிக் காட்டியது. அடுத்த ஆண்டு பெய்ஷுவான் குவோவும் சக ஆய்வாளர்களும் அந்தக் கலவையில் ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தால் வேலை நின்றுவிடுவதைக் கண்டார்கள். புரதமும் டிஎன்ஏவும் மட்டும் இருப்பதாக நினைத்த கலவையில் ஆர்என்ஏ ஒளிந்திருந்தது. பிரித்தெடுத்தபோது கிடைத்த துண்டின் நீளம் 120 நியூக்ளியோடைடு, அதாவது 120 ஆர்என்ஏ எழுத்துகள். பிறகுதான் உண்மையான நீளம் 174 என்றும், சுத்திகரிக்கும்போது நொதி வெட்டியதால் 120 ஆனது என்றும் தெரிந்தது. 120 துண்டே சோதனைக்குழாயில் நன்றாக வேலை செய்ததால், மிச்சம் 54 எதற்கு என்று நெடுங்காலம் யாருக்கும் பதில் கிடைக்கவில்லை. அதற்குக் கீழே வருகிறேன், எனக்கு மிகப் பிடித்த பகுதி அது.

சரி, வடிவத்துக்கு வருவோம். 120 துண்டு மடிந்து கிட்டத்தட்ட ஒய் வடிவம் எடுக்கிறது. இழையின் தொடக்கமும் முடிவும் ஒன்றோடொன்று இணைந்து ஒரு சுருள் தண்டாகின்றன, அதன் பெயர் ஏ-சுருள். தண்டின் மேலே முச்சந்தி. அங்கிருந்து இரண்டு கிளைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் இணையாமல் திறந்திருக்கும் ஒரு கண்ணி. கிளைகள் உள்ள பகுதி, தோராயமாக 23 முதல் 97 வரையிலான எழுத்துகள், தலையோடு ஒட்டிக்கொள்வதற்கு. ஏ-சுருள் எஞ்சினுக்கு.

முதலில் கண்ணிகள். வலக் கண்ணியில் 45 முதல் 48 வரை ஏஏசிசி. இடக் கண்ணியில் 82 முதல் 85 வரை ஜிஜியுயு. ஒன்றைத் திருப்பி வைத்தால் மற்றதோடு அச்சாகப் பொருந்தும். ஒரே மூலக்கூறுக்குள் இவை சேர்வதில்லை. ஒன்றின் வலக் கண்ணி பக்கத்து மூலக்கூறின் இடக் கண்ணியைப் பிடிக்கிறது, அது அடுத்ததைப் பிடிக்கிறது. குழந்தைகள் கைகோத்து நிற்பதைப் போல வளையம் மூடிக்கொள்கிறது. மக்னீசியம் அயனி இல்லாவிட்டால் இந்தப் பிடி நிற்காது.

இதை நிரூபித்த விதம் அழகானது. 1998இல் குவோ குழுவும் ஆண்டர்சன் குழுவும் தனித்தனியே அடுத்தடுத்து வெளியிட்டார்கள். ஓர் ஆர்என்ஏவின் வலக் கண்ணியை மாற்றி எழுதுங்கள். இனி அதன் இடக் கண்ணி வேறு, வலக் கண்ணி வேறு. தன் இனத்தோடு அது கைகோக்க முடியாது, டிஎன்ஏ திணிப்பு நின்றுவிடுகிறது. இன்னோர் ஆர்என்ஏவை எடுத்து, முதலாவதின் இரண்டு கண்ணிகளுக்கும் பொருந்துமாறு அதன் கண்ணிகளை எழுதுங்கள். அதுவும் தனியாக உதவாது. இந்த இரண்டு உதவாக்கரைகளையும் ஒரே குழாயில் கலந்தால் மோட்டார் ஓடுகிறது! மூன்று வகை ஆர்என்ஏ சுற்றாகப் பொருந்துமாறு எழுதினாலும், மூன்றையும் கலந்தால் ஓடுகிறது. கண்ணியில் என்ன எழுத்து இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம், பக்கத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்பதே கேள்வி. வடிவம் செயலை ஆள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இல்லை.

இதே சோதனைதான் ஒரு நீண்ட சண்டையையும் கிளப்பியது. இரண்டு வகை மாறிமாறி நின்று வளையம் மூட வேண்டுமானால் எண்ணிக்கை இரட்டைப்படை. மூன்று வகை என்றால் மூன்றின் மடங்கு. இரண்டுக்கும் பொதுவாக ஆறு. ஆகவே வளையத்தில் ஆறு ஆர்என்ஏ என்றது குவோ தரப்பு. ஆனால் 2000இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்மன், டிமதி பேக்கர் ஆகியோரின் குழுக்கள் மினசோட்டாவுடன் சேர்ந்து எடுத்த கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் (மாதிரியை உறையவைத்து எலெக்ட்ரான்களால் எடுப்பவை) ஐந்துதான் தெரிந்தது. பிறகு வந்த துல்லியமான படங்களிலும் ஐந்து. ஜிபி16 வளையத்திலும் ஐந்து. முதலில் ஆறாகக் கூடி, பின்னர் ஒன்று கழன்றுபோகலாம் என்ற சமரசக் கருத்தும் உண்டு. என்னைக் கேட்டால், தலையில் பொருத்தி வேலைக்குத் தயாராக நிற்கும் மோட்டாரில் ஐந்து என்பதற்கே ஆதாரம் பலமாக இருக்கிறது. இந்தத் துறையில் கட்டுரைகள் படிக்கும்போது, ஆறு என்று எழுதியிருந்தால் எந்தக் குழு எழுதியது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முச்சந்திக்கும் இதில் பங்கு உண்டு. கண்ணிகள் பொருந்தினால் மட்டும் போதாது, கிளைகள் சரியான கோணத்தில் விரிந்திருந்தால்தான் வளையம் மூடும். 2011இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அய்லாங் கே குழு, மினசோட்டா ஆய்வாளர்களோடு சேர்ந்து, தலையோடு ஒட்டும் பகுதியின் படிக அமைப்பைக் கண்டறிந்தது. படிகத்துக்குள் வளையம் நான்கு ஆர்என்ஏவோடு மூடியிருந்தது! கோணத்தைக் கொஞ்சம் திருத்தி ஐந்தாக அடுக்கினால் அது கிரையோ படத்துக்குள் நன்றாகப் பொருந்தியது. முச்சந்தி நெகிழக்கூடியது, எத்தனை பேர் கூடுவது என்பதை ஆர்என்ஏ தனியாகத் தீர்மானிப்பதில்லை, உட்காரும் இடமான தலையும் இணைப்பியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உறவுக்காரப் பேஜ்களைப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். எம்2, பி103, ஜிஏ1 போன்றவற்றின் ஆர்என்ஏக்களை ஃபை29இன் ஆர்என்ஏவோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஒற்றுமை குறைவு. மடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே உருவம். பரிணாமம் எழுத்தை மாற்ற அனுமதித்திருக்கிறது, மடிப்பைத் தொடவிடவில்லை.

அப்புறம் ஏ-சுருள். இதில் 1995இல் செய்த ஒரு எளிய சோதனை போதும். சுருளின் ஒரு பக்க இழையில் எழுத்துகளை மாற்றி இணைகளைக் கெடுத்தார்கள், செயல் போனது. எதிர்ப்பக்க இழையிலும் அதற்கேற்ப மாற்றி இணைகளை மீட்டார்கள், செயல் திரும்பியது. இப்போது அங்கே இருப்பது முற்றிலும் வேறு எழுத்துகள், ஆனாலும் சுருள் சுருளாக இருப்பதால் மோட்டாருக்கு அது போதும்.

ஆனால் அதே சுருளில் 18, 19, 20ஆம் இடங்களில் சிசிஏ என்ற மூன்று எழுத்துகள் எதிரே இணை இல்லாமல் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. அந்த மூன்றை நீக்கிவிட்டால் ஆர்என்ஏ வழக்கம்போலத் தலையில் போய் ஒட்டிக்கொள்கிறது, டிஎன்ஏ மட்டும் உள்ளே போவதில்லை. தலையோடு ஒட்டுவது ஒரு வேலை, எஞ்சினை இயங்கச் செய்வது வேறு வேலை, இரண்டும் ஆர்என்ஏவின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கின்றன என்பதை இந்தப் புடைப்பு பளிச்சென்று காட்டிவிடுகிறது. பின்னர் என்எம்ஆர் முறையில் (காந்தப்புலத்தைக் கொண்டு மூலக்கூறின் வடிவத்தை அறியும் முறை) பார்த்தபோது, புடைப்பு இருக்கும் இடத்தில் சுருள் வளைவது தெரிந்தது. அந்த வளைவு ஏ-சுருளின் நுனியை ஜிபி16 உட்காரும் திசைக்குத் திருப்பிவிடுகிறது. நேரான தண்டாக இருந்தால் எஞ்சின் தவறான இடத்தில் தொங்கும்.

இனி அந்த மிச்சம் 54. இதன் பெயர் இரண்டாம் களம். 2015இல் மினசோட்டா குழு இதற்கு விடை கண்டது. ஃபை29இன் டிஎன்ஏவுக்கு இடமுனை, வலமுனை என்று உண்டு, இயற்கையில் இடமுனைதான் முதலில் உள்ளே போகும். டிஎன்ஏவை வெட்டு நொதியால் பல துண்டுகளாக்கி மோட்டாருக்குக் கொடுத்தார்கள். 174 நீள முழு ஆர்என்ஏ கொண்ட மோட்டார் இடமுனைத் துண்டைப் பொறுக்கி எடுத்தது. 120 துண்டு கொண்ட மோட்டார் இடமுனை, வலமுனை இரண்டையும் ஏற்றியது. முழு ஆர்என்ஏ இருந்தால் ஒரு தலைக்குள் ஒரே துண்டுதான், அதோடு நிறுத்திக்கொண்டது. குட்டை ஆர்என்ஏ இருந்தால் தலையில் இடமிருக்கும் வரை துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டே போனது. உறவுக்காரப் பேஜின் டிஎன்ஏவையும் சேர்த்துப் போட்டியில் விட்டபோது, முழு ஆர்என்ஏ தன் சொந்த டிஎன்ஏவைத் தேர்ந்தது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நீளமும் குட்டையும் கலந்த வளையங்களைச் செய்து பார்த்தார்கள். ஐந்தில் ஒன்றோ இரண்டோ முழு நீளமாக இருந்தாலே இந்தக் கறார்த்தனம் வந்துவிடுகிறது. ஆகவே இரண்டாம் களம் எஞ்சினின் ஒவ்வொரு அடியிலும் பங்கேற்கும் உறுப்பாக இருக்க வாய்ப்பில்லை. தொடங்கும் தருணத்தில் வாசலில் நின்று சரிபார்க்கும் உறுப்பாக அதைப் பார்ப்பதே பொருத்தம். முப்பது ஆண்டு நெருங்கும் வரை இது கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் சோதனைமுறைதான். முழு டிஎன்ஏவை மட்டும் கொடுத்து, தலை நிரம்பியதா இல்லையா என்று மட்டும் பார்த்தால், இரண்டு ஆர்என்ஏக்களுக்கும் வித்தியாசமே தெரியாது. சோதனைக்குழாயில் வேலை செய்தது என்பதை வைத்து, விட்டுப்போன பகுதி தேவையில்லை என்று முடிவுகட்டும் பழக்கம் உயிரியலில் அதிகம்.

அப்படியானால் அசைவில் ஆர்என்ஏவுக்குப் பங்கே இல்லையா? ஒரு காலத்தில் உண்டு என்றே பலரும் நினைத்தார்கள். 1978இல் ரோஜர் ஹெண்ட்ரிக்ஸ் ஒரு யோசனை சொன்னார்: தலையின் அந்த மூலைக்கு ஐந்து மடிச் சமச்சீர் (ஐந்தில் ஒரு சுற்று திருப்பினால் அதே தோற்றம்), இணைப்பிக்குப் பன்னிரண்டு மடி, இரண்டும் ஒத்துப்போகாததால் இணைப்பி எளிதாகச் சுழலும், சுழலும்போது டிஎன்ஏ உள்ளே ஏறும். ஆர்என்ஏ வளையம் தெரியவந்ததும் அதையும் இந்தச் சுழற்சியில் ஒரு பல்சக்கரமாக்கிவிட்டார்கள். கேட்க அருமையான யோசனை. 2007இல் இணைப்பியில் ஒளிரும் சாயத்தை மாட்டி, டிஎன்ஏ ஏறும்போதே ஒற்றை மூலக்கூறு அளவில் கவனித்தார்கள். இணைப்பி சுழலவில்லை. அதோடு பல்சக்கரக் கதை முடிந்தது.

இப்போது தெரிந்தபடி, தள்ளும் வேலை முழுவதும் ஜிபி16 வளையத்தில் நடக்கிறது. 2009இல் ஒளி இடுக்கியின் துல்லியம் கூடியபோது, மோட்டார் பத்துப் பத்து கார இணைகளாகப் பாய்வதும், ஒவ்வொரு பாய்ச்சலும் 2.5 கார இணை கொண்ட நான்கு சிறு அடிகளால் ஆனதும் தெரிந்தது. வளையத்தின் உறுப்புகள் ஐந்து, அடிகள் நான்கு. ஐந்தாவது உறுப்பு ஏடிபியை உடைத்தாலும் தள்ளுவதில்லை, சுற்றை ஒழுங்குபடுத்தும் வேலையைப் பார்க்கிறது என்பது 2012இல் வந்த விளக்கம். 2021இல் வெளியான கிரையோ படங்களில், டிஎன்ஏவைப் பிடித்த நிலையில் ஜிபி16 உறுப்புகள் டிஎன்ஏவைத் தொடர்ந்து படிக்கட்டுபோலச் சுருளாக நின்றன. சுருள் தட்டை வளையமாகச் சுருங்கும்போது டிஎன்ஏ உள்ளே நகர்கிறது என்று அதை விளக்குகிறார்கள். 57 பிகோநியூட்டன் விசை வரும்போது எஞ்சின் தலையிலிருந்து பிய்ந்து போகாமல் இருக்க வேண்டும். அந்தப் பிடியைத் தருவதில்தான் ஆர்என்ஏவின் இயந்திரவியல் பங்கு இருக்கிறது என்பது என் கருத்து.

வேலை முடிந்ததும் ஜிபி16, ஆர்என்ஏ இரண்டும் கழன்றுவிடுகின்றன, அந்த இடத்தில் கழுத்தும் வாலும் வந்து பொருந்துகின்றன. ஆகவே வெளியே வரும் முழு வைரஸைப் பிரித்துப் பார்த்தால் இந்த ஆர்என்ஏ இருக்காது.

மருந்துக் கேள்வி. மனிதரைத் தாக்கும் வைரஸ்களில் ஹெர்பிஸ் குடும்பம் இதே வகை மோட்டாரால்தான் டிஎன்ஏவைத் திணிக்கிறது. ஆனால் அதில் இந்த ஆர்என்ஏ கிடையாது, ஃபை29இல் ஆர்என்ஏ செய்வதை அங்கே புரதங்களே செய்துகொள்கின்றன. ஆகவே ஆர்என்ஏவைக் குறிவைத்தால் பேசில்லஸ் பேஜைத்தான் தடுக்கலாம், அதனால் நோயாளிக்குப் பயனில்லை. மோட்டாரையே குறிவைப்பது நல்ல யோசனைதான். ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த சைட்டோமெகலோ வைரஸின் டெர்மினேஸ் என்ற மோட்டார் புரதத்தைத் தடுக்கும் லெட்டர்மோவிர் என்ற மருந்துக்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்குத் தடுப்பாகத் தருகிறார்கள்.

ஃபை29 ஆர்என்ஏவுக்கு வேறொரு திசையில் மவுசு வந்தது. குவோ குழு 2011இல் அதன் முச்சந்தியை மட்டும் வெட்டியெடுத்து, மூன்று சிறு ஆர்என்ஏ துண்டுகளாகச் செய்து கலந்தது. அவை தாமாகவே சேர்ந்துகொண்டன, ஆர்என்ஏ இணைகளைப் பிரிக்கக்கூடிய 8 மோலார் யூரியாவில் போட்டாலும் பிரியவில்லை. மூன்று கைகளிலும் வெவ்வேறு ஆர்என்ஏக்களை மாட்டி, புற்றுநோய்ச் செல்லுக்கு மருந்து கொண்டுபோகும் நானோ துகளாக்க அன்றிலிருந்து முயன்று வருகிறார்கள்.